தெங்போச்சே: இருமுறை விழுந்த மலைமடம்

வணக்கம் நேயர்களே. பெயரளவில் ஒரு கீரிமலையை மட்டும் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தவர் மலைமடம் பற்றிப் பேசத் துணிவது சற்றே வேடிக்கைதான். இலங்கையின் அதியுயர் மலையான பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். நேபாளத்தின் கும்புப் பகுதியில், எவரெஸ்ட் அடிவார முகாமுக்குச் செல்லும் வழியில் உள்ள தெங்போச்சே பௌத்த மடமோ 3,860 மீற்றருக்கும் மேலே ஒரு மலைமுகட்டில் இருக்கிறது.

அப்பகுதியில் வாழும் ஷெர்பா மக்களின் ஊர்களில் முன்னர் இருந்தவை, எங்கள் குருக்கள்மாரைப் போல இல்லறத்தில் இருந்துகொண்டே வழிபாடு நடத்தும் லாமாக்களின் சிறு கோயில்களே. எல்லைக்கு அப்பால் திபெத்திலுள்ள ரொங்புக் மடத்தின் தலைவர் ஊக்குவிக்க, துறவிகள் கூடி வாழும் மடமாகத் தெங்போச்சேயை 1916இல் லாமா குலு நிறுவினார். 1934 ஜனவரி 15ஆம் திகதி நேபாளத்தையும் பீகாரையும் உலுக்கிய நிலநடுக்கத்தில் அது இடிந்தது. லாமா குலுவும் சில காலத்தில் மறைந்துவிட, எஞ்சிய துறவிகளும் ஊரவரும் அதை மீண்டும் கட்டினார்கள்.

அடுத்த கேடு நன்மையின் உருவிலே வந்தது. 1988இல் சிறு நீர்மின் நிலையமொன்றிலிருந்து மடத்துக்கு மின்சாரம் கிடைத்தது; மறு ஆண்டு ஜனவரி 19ஆம் திகதி மின்னொழுக்கினால் மூண்ட தீயில் பழைய நூல்களும் சுவரோவியங்களும் மரச்செதுக்கல்களும் பெரும்பாலும் சாம்பலாயின. 1981இல் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட நகரத்தில் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அங்கே நெருப்பு வைத்தவர் எவருமில்லை என்ற வேறுபாடு மட்டும் உண்டு. எட்மண்ட் ஹிலாரி உட்படப் பலர் உதவ, 1993இல் புதிய கட்டடம் திருநிலைப்படுத்தப்பட்டது.

கட்டடம் எழுந்ததைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ‘மணி ரிம்டு’ என்னும் முகமூடி ஆட்ட விழா ரொங்புக்கிலிருந்து இங்கு வந்தது. 1959இல் ரொங்புக் துறவிகள் பலர் நேபாளத்துக்குத் தப்பி வந்தனர்; சீனாவின் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் அந்தத் தாய்மடம் சிதைக்கப்பட்டது. தாய் வாயடைத்துக் கிடந்த ஆண்டுகளில், அவளிடம் கற்ற ஆட்டத்தை மகள் ஆடிக்கொண்டிருந்தாள். இன்றும் ஐப்பசி, கார்த்திகைக் காலத்தில், அந்தக் கடுங்குளிரில், துறவிகள் நிறமணலால் ‘மண்டலம்’ என்னும் புனிதக் கோலம் வரைந்து நாட்கணக்காக வழிபடுகிறார்கள். கூடிவரும் மக்களுக்கு ஒருநாள் ஆசியும் மறுநாள் ஆட்டமும் நடக்கும். இறுதியில் வேள்வித் தீ வளர்த்து, பாடுபட்டு வரைந்த மண்டலத்தைத் தங்கள் கையாலேயே கலைத்துவிடுகிறார்கள்.

நன்றி, வணக்கம்.