ஊதுகிற சங்கு

அவைத் தலைவர் தமிழாசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த அரிசி ஆலை முதலாளி அவர்களே (ஆலைப் புகையைப் பற்றி இன்றைக்குப் பேச மாட்டேன், பயப்பட வேண்டாம்), தாய்மார்களே, வணக்கம். சால்வைக்கு நன்றி. எனக்கு இது பதினோராவது சால்வை.

நான் டாக்டர் இல்லை. தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். மூச்சுத் திணறலைக் கண்டுபிடிப்பது, வைத்தியம், தடுப்பு என்று மூன்று பங்காகப் பேசச் சொன்னார்கள். சரி. என் வழக்கமான பழமொழியில் தொடங்குகிறேன்: ஊதுகிற சங்கை ஊதி வைப்போம், விடிகிறபோது விடியட்டும்.

எங்கள் பெரியம்மா நாற்பது வருஷம் விறகு அடுப்பில் வெந்தவர். பீடி, சுருட்டு எதையும் தொட்டதில்லை. நாலு படி ஏறினால் இளைப்பு. வயசாகிவிட்டது என்றோம். அப்புறம் இதயமோ என்று இ.சி.ஜி., எக்கோ. ஒன்றுமில்லை. டி.பி.யோ என்று சளியைப் பார்த்தார்கள். அதுவும் இல்லை. ஜன்னலில் இருமல் மருந்து பாட்டில் மட்டும் வரிசையாகச் சேர்ந்தது. இப்படியே இரண்டு வருஷம்.

கடைசியில் நுரையீரல் டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனோம். அங்கே மூச்சை அளக்கிற ஒரு சின்ன மெஷின், ஸ்பைரோமீட்டர். ஒரு பெண் வந்து பெரியம்மா மூக்கில் கிளிப்பை மாட்டி, “பாட்டி, மூச்சை நல்லா இழுத்து இந்தக் குழாயில ஊதுங்க. வேகமா! நிறுத்தாம ஊதுங்க!” என்றது. பெரியம்மா குழாயை வெளியே எடுத்தார். மூக்கில் கிளிப், குரல் வேறு மாதிரி. “ஏம்மா, நாப்பது வருஷம் அடுப்பை ஊதி ஊதித்தானே இங்க வந்து உக்காந்திருக்கேன். இங்கயும் ஊதவா?” என்றார் பாருங்கள்! உள்ளேயிருந்து டாக்டரே எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

ஆனால் ஊதினார். ஊதுகிற மொத்தக் காற்றில் முதல் விநாடியில் எவ்வளவு வெளியே வருகிறது என்பதுதான் கணக்கு. 70 சதவீதத்துக்குக் கீழே போனால் மூச்சுக்குழாயில் அடைப்பு. பெரியம்மாவுக்குப் பாதிகூட வரவில்லை. மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தை இன்ஹேலரில் பஃப் கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொன்னார்கள். ஆஸ்துமாவாக இருந்தால் பெரும்பாலும் அளவு நன்றாக ஏறும். ஏறவில்லை. சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார் டாக்டர். இரண்டு வருஷக் குழப்பம் அரை மணி நேரத்தில் தீர்ந்தது.

இந்தக் கருவியை லண்டனில் ஹட்சின்சன் என்கிற மருத்துவர் 1846இலேயே வெளியிட்டு, இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊதவைத்துப் பார்த்துவிட்டார். தாம்பரத்தில் நெஞ்சு நோய்க்கென்றே சானடோரியத்தை டாக்டர் சவுரிமுத்து 1928இல் தொடங்கினார். இன்றைக்கும் ரயில் நிலையத்துக்கு அதுதான் பெயர். நம் தாலுகா ஆஸ்பத்திரியிலோ ஊதுவதற்கு ஒரு குழாய் கிடையாது. மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். கும்பிடுகிறேன். மூச்சை யார் அளப்பது? திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நான்கு முறை மனு கொடுத்தேன். நான்குக்கும் ரசீது இருக்கிறது, மெஷின்தான் வரவில்லை. ஊதுகிற சங்கை ஊதி வைப்போம்!

இரண்டாவது, வைத்தியம். இன்ஹேலர் பழகிவிடும் என்று யாரும் பயப்படாதீர்கள். மாத்திரை உடம்பெல்லாம் சுற்றி வரும். இது மைக்ரோகிராம் கணக்கில் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. ஸ்டீராய்டு பஃப் எடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். மூன்றாவது... ஐயா மணி அடித்துவிட்டார்.

வாசலில் மேசைமேல் ஐந்தாவது மனு இருக்கிறது. பேரூராட்சித் தலைவர் முதல் கையெழுத்துப் போடுவார் என்று அவரைக் கேட்காமலே சொல்லி வைத்திருக்கிறேன். பேனா என்னிடம் இருக்கிறது. சுண்டல் அந்த மேசைக்கு அடுத்த மேசையில்.