கந்தையானாலும் கசக்கிக் கட்டு: முதல் முறை கில்ட் உடுத்துவோருக்கு

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் மருத்துவர் அம்மையார் அவர்களே, நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் பெருந்தகை அவர்களே, இந்த மண்டபத்தை மனமுவந்து நமக்குத் தந்த திருச்சபைப் பெரியோர்களே, வாசலில் பேக்பைப் வாசித்து நம்மை உள்ளே அழைத்துவந்த இளைஞர்களே, அடுக்களையில் வடை சுட்டுக்கொண்டே இந்தப் பேச்சுக்குக் காது கொடுத்திருக்கும் சகோதர சகோதரிகளே, கிளாஸ்கோ வாழ் தமிழ்ப் பெருமக்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். நகரமன்ற உறுப்பினர் அவர்கள் தம் குடும்பத்துக்கென்றுள்ள டார்ட்டன் என்ற கட்டம் போட்ட துணியில், தலை முதல் கால் வரை முழு உடையில் வந்து நமக்குப் பெருமை சேர்த்திருக்கிறார். ஐயாவைப் பார்த்தாலே நான் சொல்லவிருப்பதில் பாதி விளங்கிவிடும். அவருக்கு ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள்.

கோடை வந்தால் நம் பிள்ளைகளுக்குப் பட்டமளிப்பு விழா. நண்பர்கள் வீட்டில் திருமணம். நவம்பர் 30 புனித ஆண்ட்ரூ நாள். ஜனவரி 25 கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நினைவாகக் கொண்டாடும் பர்ன்ஸ் இரவு. ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் மடிப்பு வைத்த உடைதான் கில்ட். அழைப்பிதழில் அந்தப் பெயரைப் பார்த்ததும் பலருக்கு நெஞ்சு படபடக்கிறது. மூன்று செய்திகளைச் சொல்லவே இங்கே நிற்கிறேன். ஒன்று, உடுத்தும் முறை. இரண்டு, சட்டம். மூன்று, எந்த டார்ட்டனை யார் உடுத்தலாம் என்பது. மூன்றுக்கும் அடியில் நம் பாட்டிமார் சொன்ன ஒரே வாக்குதான் இருக்கிறது: கந்தையானாலும் கசக்கிக் கட்டு.

முதலில் வரிசை. சட்டை, அடுத்து காலுறை, அடுத்து காலணி. இவை முடிந்த பிறகுதான் கில்ட். கில்ட்டையும் கோட்டையும் மாட்டிக்கொண்டு காலணிக்குக் குனிந்தால் சட்டை வெளியே வரும், பின்மடிப்புகள் கசங்கும்.

காலுறையின் மேல்மடிப்பு, முழங்கால் சில்லுக்கு மூன்று விரற்கடை கீழே நிற்க வேண்டும். அந்த மடிப்புக்குள் ஃபிளாஷ் என்ற நாடாப் பட்டை. எலாஸ்டிக் உள்ளே மறைந்திருக்கும். நாடாவின் நுனி மட்டும் காலின் வெளிப்பக்கம் இரண்டு அங்குலம் எட்டிப் பார்க்கும். முன்பக்கம் தொங்கவிட்டால் பார்க்க நன்றாக இராது.

காலணி கில்லி ப்ரோக். அதற்கு நாக்குத்தோல் கிடையாது, கயிறு மிக நீளம். அந்தக் கயிற்றைப் பார்த்துத்தான் எல்லோரும் திகைக்கிறார்கள். இறுக்கி ஒரு முடிச்சு. அதன்மேல் இரண்டு கயிற்றையும் மூன்று நான்கு முறை முறுக்கினால் ஒரு அங்குல உயரத்துக்குத் தண்டு போல எழும்பும். பிறகு கணுக்காலுக்குச் சற்று மேலே பின்புறம் ஒரு சுற்றுக் கொண்டுபோய், முன்னால் சற்று வெளிப்பக்கமாகச் சுருக்குப் போட வேண்டும். குஞ்சங்கள் அங்கே தொங்கும். கெண்டைக்கால் வரை சுற்றி ஏற்றுகிறவர்கள் உண்டு. இரண்டு நடனம் ஆடியதும் அது சரிந்து பாதத்தில் குவிந்துவிடும்.

இப்போது கில்ட். புதிதாகத் தைத்து வந்ததென்றால், மடிப்புகளின் குறுக்கே வெள்ளை நூலில் பெரிய பெரிய ஓட்டுத்தையல் இருக்கும். அது மடிப்பு கலையாமல் இருக்கப் போட்டது. உடுத்துமுன் பிரித்தெடுக்க வேண்டும். கோட்டின் பின்பிளவிலும் பெருக்கல் குறி போல ஒரு தையல் இருந்தால் அதையும் பிரியுங்கள். முன்புறம் மடிப்பில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு மடல்களில், வெளிமடலின் வலது ஓரத்தில் இருக்கும் நூற்குஞ்சத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். அது உடையின் அழகு.

மடிப்புகள் முதுகுப்பக்கம் வரும்படி பிடித்து, வலக்கையில் உள்ள உள்மடலை இடப்பக்கம் கொண்டுபோங்கள். அதன் தோல்வார், இடது இடுப்பில் உள்ள துவாரம் வழியே வெளியே வந்து கொக்கியில் மாட்டும். பிறகு வெளிமடலை இடமிருந்து வலமாகப் போட்டு, வலப்பக்கத்து இரண்டு வார்களையும் மாட்டுங்கள். மேல்வார் இறுக்கமாக, கீழ்வார் சற்றுத் தளர்வாக. கீழ்வாரை இழுத்துக் கட்டினால் பின்னால் மடிப்புகள் கத்தரி போல விரிந்துகொள்ளும். வெளிமடலின் நடுக்கோடு சட்டைப் பொத்தான் வரிசைக்கு நேராக நிற்கிறதா என்று கண்ணாடியில் ஒருமுறை பாருங்கள்.

நாம் எல்லோரும் தவறும் இடம் ஒன்று உண்டு. வேட்டி கட்டிப் பழகிய கை கில்ட்டையும் இடுப்பெலும்பில் இறக்கிக் கட்டிவிடும். கில்ட்டின் இடம் அதற்கு மேலே, தொப்புள் மட்டம். இரவு விருந்துக்குரிய பிரின்ஸ் சார்லி கோட்டுக்குள், சட்டைக்கு மேலே போடும் கையில்லாத உள்சட்டை மூன்று பொத்தானோடு குட்டையாக வெட்டப்பட்டது, அந்த உயரத்தை நம்பித்தான். கில்ட் இறங்கினால் இரண்டுக்கும் நடுவே வெள்ளைச் சட்டை ஒரு பட்டையாகத் தெரியும், கீழ்விளிம்பும் முழங்காலை மூடிவிடும். முழந்தாளிட்டு நிமிர்ந்து பாருங்கள்: விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் உயரம் சரி.

உயரம் தவறினால் அரசனுக்கும் மதிப்பில்லை. 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். ஆட்சியிலிருக்கும் மன்னர் ஒருவர் ஸ்காட்லாந்து மண்ணை மிதித்து 170 ஆண்டுகள் கடந்திருந்தன. 1746 சட்டம் மலைநாட்டு உடையையே தடை செய்திருந்தது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தல். அந்தத் தடை 1782இல்தான் நீங்கியது. நாற்பதே ஆண்டில் மன்னரே அந்த உடையில் வருகிறார் என்றால் ஊர் எப்படித் திரண்டிருக்கும்! ஏற்பாடுகளை முன்னின்று நடத்தியவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். மன்னரின் உடைக்கு எடின்பரோ வணிகர் ஜார்ஜ் ஹண்டர் போட்ட கணக்கு 1,354 பவுண்டு 18 ஷில்லிங். தங்கமும் ரத்தினமும் பதித்த கத்தி, கைத்துப்பாக்கி, பட்டு, வெல்வெட், எதிலும் குறைவில்லை. ஹோலிரூட் மாளிகை வரவேற்பில் மன்னர் வந்து நின்றார். பருத்த உடம்பு. கில்ட்டோ முழங்காலுக்கு நன்றாக மேலே. உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் இறுக்கமான கால்சட்டை! போதாததற்கு லண்டன் முன்னாள் மேயர் சர் வில்லியம் கர்ட்டிஸ், அவரும் பருத்தவர், அதே ராயல் ஸ்டூவர்ட் டார்ட்டனில் அங்கே வந்து நின்றார். கேலிச் சித்திரக்காரர்கள் விடுவார்களா? "இவர் நம்மோடு இருக்கப்போவது கொஞ்ச நேரம், ஆகவே எவ்வளவு அதிகம் தெரிகிறாரோ அவ்வளவும் நல்லது" என்று ஒரு சீமாட்டி சொன்னதாக இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பின்னாளில் டேவிட் வில்கி வரைந்த ஓவியத்தில் அந்த இளஞ்சிவப்புக் கால்சட்டையைக் காணோம். வெறும் முழங்கால்தான் தெரிகிறது. ஓவியர் இரக்கப்பட்டுத் திருத்திவிட்டார்! 1,354 பவுண்டு கொட்டியும் அளவு தப்பினால் இதுதான் கதி. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றவள் விலையையா கேட்டாள்?

இடுப்பின் முன்னால் தொங்கும் ஸ்போரன் பையின் மேல்விளிம்பு, உள்சட்டையின் கடைசிப் பொத்தானுக்கு நான்கு விரற்கடை கீழே தொங்கட்டும். உள்சட்டை போட்டால் இடுப்புவார் வேண்டாம், உள்ளே புடைத்துக்கொள்ளும். கில்ட் ஊசியை வெளிமடலில் மட்டும் குத்துங்கள். இரண்டு மடலையும் சேர்த்துக் குத்தினால், நீங்கள் உட்கார்ந்து எழும்போது துணி கிழியும். உட்காரும்போது ஒரு கையால் பின்மடிப்புகளை நீவி விட்டு உட்காருங்கள். ஸ்போரன் மடியில் விழட்டும், முழங்கால்கள் சேர்ந்திருக்கட்டும். உள்ளாடை பற்றி இளைஞர்கள் கேட்டு அனுப்பிய சீட்டு கையில் இருக்கிறது. வாடகை கில்ட் என்றால் கட்டாயம் அணிய வேண்டும். அடுத்து உடுத்துபவருக்கு நாம் செய்யும் மரியாதை அது.

சட்டம். வலக்கைக்காரர் வலது காலுறையில் செருகும் சிறு கத்தி ஸ்கியன் டூ. கைப்பிடி மட்டும் இரண்டு மூன்று அங்குலம் தெரிய வேண்டும். பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம். தேசிய உடையின் பகுதியாக அணிந்தால் 1995ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்டத்தின் 49ஆம் பிரிவு இடம் தருகிறது. கில்ட்டைக் கழற்றிவிட்டுக் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தால் அந்த இடம் போய்விடும். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகவே கூடாது.

மூன்றாவது டார்ட்டன். 2009 முதல் எடின்பரோவில் டார்ட்டன்களுக்கென்றே அரசுப் பதிவேடு இருக்கிறது. பிளாக் வாட்ச் போன்ற டார்ட்டன்களை எல்லோரும் உடுத்துகிறார்கள். ஆனால் எந்த டார்ட்டன் என்பதைவிட எந்தத் துணி என்பதே எனக்குக் கவலை. அதைத்தான் இந்த மேடையில் மன்றாடிக் கேட்கிறேன்.

சுற்றுலாக் கடைகளில் அக்ரிலிக் கில்ட் மலிவாகக் கிடைக்கிறது, பிள்ளைகள் வாங்கி வருகிறார்கள். எடையில்லாத துணி, மடிப்பு விழாது, காற்றில் பறக்கும், ஒரு விழாவோடு குப்பைக்குப் போகும். முறையான கில்ட் 8 கஜம் கம்பளி, கஜத்துக்கு 13 அல்லது 16 அவுன்ஸ். கையால் தைக்கிறார்கள், ஒவ்வொரு மடிப்பும் இடுப்பிலிருந்து மேலே போகப்போகக் குறுகும், ஆனாலும் கட்டங்கள் கோடு பிசகாமல் சேரும். அந்தக் கை வேலை தெரிந்தவர்கள் அருகி வருகிறார்கள்.

புதிதாக வாங்க எல்லோராலும் முடியாது, எனக்குத் தெரியும். பழையது வாங்குங்கள்! தர்மக் கடைகளிலும் ஏலத்திலும் தாத்தா காலத்துக் கம்பளி கில்ட்டுகள் கிடக்கின்றன. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அந்து தின்ற ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்விளிம்பைத் தடவுங்கள்: மடித்துத் தைக்காமல் துணியின் நெய்த கரையே விளிம்பாக இருந்தால் நல்ல வேலை. அதனாலேயே நீளத்தைக் கீழே திருத்த முடியாது, நீளம் சரியாக இருப்பதையே எடுங்கள். இடுப்பு இரண்டு அங்குலம் கூடக் குறைய இருந்தால் வார்களை நகர்த்தினாலே போதும். அந்த வேலையைக் கையால் தைப்பவரிடம் கொடுங்கள். அவர் அடுப்பும் எரியும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு!

நம் மன்றத்துக்கென ஒரு பொது அலமாரி வேண்டும். பத்துக் கம்பளி கில்ட் சேர்ந்தால் நம் பிள்ளைகள் யாரும் அக்ரிலிக் தேட வேண்டாம். தலைவர் அம்மையார் அவர்கள் இதற்கு இடம் ஒதுக்கித் தர வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். நுழைவாயில் மேசையில் அளவுநாடாவும் பேரேடும் வைத்திருக்கிறோம். கால்சட்டை அளவைச் சொல்லாதீர்கள், அது கீழ் இடுப்பின் அளவு. தொப்புள் மட்டத்தில் சுற்றளவு, பின்புறம் அகன்ற இடத்தில் சுற்றளவு, தொப்புள் மட்டத்திலிருந்து முழங்கால் சில்லின் நடு வரை நீளம்; இந்த மூன்றையும் இன்னொருவரை எடுக்கச் சொல்லுங்கள். நாமே குனிந்து பார்த்தால் நாடா இறங்கிவிடும். எழுதிவிட்டுச் சாப்பிடப் போகலாம். நன்றி, வணக்கம்.