அலை ஓய்ந்து தலை முழுகலாமா?

(வட இங்கிலாந்தில் தமிழர் ஆண்டு விழா ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, தம் அலுவல்களுக்கிடையே நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்துவரும் தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, சற்று முன்னர் அழகிய வரவேற்புரை நல்கிய செயலாளர் அவர்களே, இந்த நேரத்திலும் சமையற்கூடத்தில் நமக்காக நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே, தம்பி தங்கையரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்குவது முறையாகாது. 1982-ல், இந்தச் சங்கத்துக்குச் சொந்தக் கூடம் இல்லாமல் ஒரு தேவாலயத்தின் பின்னறையில் பொங்கல் விழா நடந்த காலத்தில், பேசத் தயங்கி நின்ற என்னைக் கையைப் பிடித்து மேடையேற்றியவர் அவர். அன்றைக்குச் சாலையெல்லாம் பனி. ஆனாலும் தம் காரில் மூன்று நடை சென்று முதியவர்களை அழைத்துவந்து அமர்த்திய பிறகே விளக்கேற்றினார். அவர் தலைமையில் மீண்டும் ஒருமுறை பேசக் கிடைத்ததை நான் பேறாகவே கருதுகிறேன்.

கடற்கரை நகரங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரே ஊரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். 1979 முதல் 2016 வரை, இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள விடுமுறை நகரமான பிளாக்பூலில் குடும்ப மருத்துவராக இருந்தவன் நான். வேறு ஊரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை குறைவு. அந்த ஊரை வளர்த்த பஞ்சாலை, மக்களைக் கொண்டுவந்து சேர்த்த ரயில், அவர்களை அழைத்துக்கொண்டு போய்விட்ட விமானம் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, இறுதியில் வீடு என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

மதுரையில் எங்கள் அப்பத்தா, எந்த வேலையையும் நாளைக்கென்று தள்ளிப்போடுகிறவர்களைக் கண்டால், “அலை ஓய்ந்து தலை முழுகலாம்னு கரையில உட்கார்ந்திருந்தானாம்” என்பார். கடலையே பார்த்திராத அந்தக் கிழவியின் வாயில் அந்தப் பழமொழி எப்படி வந்து ஒட்டியதோ, எனக்குத் தெரியாது. பிளாக்பூல் கடற்கரைச் சாலையில் நடக்கும்போதெல்லாம் என் காதில் அதுதான் ஒலித்தது.

ஏனென்றால் அந்த ஊர் ஒரு காலத்தில் அலை ஓயக் காத்திருந்த ஊரே அல்ல. 1846-ல் ரயில் வந்தது. 1863-ல், உலாவுவதற்காகக் கடலுக்குள் நீட்டிய முதல் கடற்பாலம். 1893-க்குள் இன்னும் இரண்டு. 1879-ல், நம் ஊர்களில் பெரும்பாலும் எண்ணெய் விளக்கே எரிந்த காலத்தில், கடற்கரைச் சாலையில் மின்விளக்கு. 1885-ல் மின்சார டிராம். 1894-ல், பாரிஸ் நகரத்து ஐஃபெல் கோபுரத்தைப் பார்த்துவந்த நகரத் தலைவர் ஒருவரின் முயற்சியால், 518 அடி உயரக் கோபுரம். இலையுதிர் காலம் வந்தால் கூட்டம் குறைந்துவிடுகிறதே என்று அந்த ஊரார் கன்னத்தில் கைவைத்து உட்காரவில்லை. 1912-ல் கடற்கரைச் சாலையின் ஒரு பகுதியை வண்ண விளக்குகளால் அலங்கரித்தார்கள். அதைப் பார்க்க மக்கள் வந்தார்கள். காலப்போக்கில் அது ஆண்டுதோறும் நடப்பதாகி, சீசன் நவம்பர் வரை நீண்டது. கடலும் குளிரும் எதிர்த்து நிற்க, விளக்கைக் கொண்டு இரண்டு மாதப் பிழைப்பை உண்டாக்கிக்கொண்ட ஊர் அது.

அங்கே பணம் செலவழித்தவர்கள் யார் என்றால், பிளாக்பூல் இருக்கும் லங்காஷயர் வட்டாரத்துப் பஞ்சாலைத் தொழிலாளர்கள். ஆலை நகரங்கள் முறைவைத்து ஆண்டுக்கு ஒரு வாரம் கொதிகலனை அணைத்து ஆலையை மூடும். ஓல்டாமுக்கு ஒரு வாரம், பர்ன்லிக்கு ஒரு வாரம், பிளாக்பர்னுக்கு ஒரு வாரம். அந்த வாரத்தில் ஊரே காலியாகி, தெருத்தெருவாகப் பிளாக்பூலுக்கு வந்து இறங்கும். வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரரே விடுதியிலும் அடுத்த அறையில் இருப்பார். இந்தப் பயணத்துக்காக ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சீட்டுக் கட்டிவந்தார்கள்.

இங்கே நமக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தத் தொழிலாளியின் சீட்டுப் பணம் எங்கிருந்து வந்தது? 1913-ல் பிரிட்டன் ஏற்றுமதி செய்த பருத்தித் துணி சுமார் 700 கோடி கெஜம். அதில் வேறெந்த நாட்டையும்விட அதிகமாக வாங்கியது இந்தியா. மதுரைக் கடைவீதியில் விற்ற மில் துணியின் காசுதான் சுற்றிவந்து பிளாக்பூல் மணலில் ஐஸ்கிரீமாகவும் கழுதைச் சவாரியாகவும் செலவானது. 1921 செப்டம்பரில் காந்தியடிகள் அதே மதுரையில், மேலமாசி வீதி வீட்டில், மேலாடையைக் களைந்து அரைத்துணிக்கு மாறினார். பத்தாண்டு கழித்து, 1931 செப்டம்பரில், அவர் லங்காஷயருக்கே வந்து, வேலையிழந்து நின்ற ஆலைத் தொழிலாளர்களைச் சந்தித்தபோது, அவர்கள் கோபத்தோடு எதிர்கொள்ளவில்லை, அன்போடு வரவேற்றார்கள். வறுமை வறுமையை அடையாளம் கண்டுகொண்ட நாள் அது. ஆலைகள் அதற்குப் பிறகும் முப்பது நாற்பது ஆண்டுகள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு ஒவ்வொன்றாக மூடின.

இப்போது ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்ல அனுமதியுங்கள். பெயர் வேண்டாம். நான் அந்த ஊருக்குப் போன இரண்டாம் ஆண்டு, மூட்டுவலி என்று வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார். சென்ட்ரல் ரயில் நிலையம் இருந்த இடத்துக்குப் பின்புறம், மூன்று மாடி விடுதி. அவர் தாயாரும் அதே வீட்டில் விடுதி நடத்தியவர். நான் மருந்து எழுதி முடிப்பதற்குள் தேநீரும் பழைய கணக்குப் புத்தகமும் மேசைக்கு வந்துவிட்டன. தாயார் காலத்தில் விருந்தாளிகள் தாங்களே கறியும் உருளைக்கிழங்கும் வாங்கிவந்து கொடுப்பார்களாம்; எந்தக் கறி எந்தக் குடும்பத்துடையது என்று அடையாளம் வைத்து, ஒரே அடுப்பில் எட்டுக் குடும்பத்துக்குச் சமைக்கவேண்டும். புத்தகத்தில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்: மேசையில் வைத்த உப்பு, மிளகுக் குப்பிகளைப் பயன்படுத்தியதற்கு இரண்டு பென்னி. “அம்மா கறாரானவள், டாக்டர், ஆனால் ஒரு குழந்தையையும் பசியோடு படுக்கவிட்டதில்லை” என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கூட்டம் பெட்டியோடு படியிறங்கும்; பிற்பகல் இரண்டு மணிக்கு அடுத்த கூட்டம் படியேறும். இடையிலுள்ள நான்கு மணி நேரத்தில் பதினோரு அறைக்கும் படுக்கை விரிப்பு மாற்றி, படிக்கட்டைத் துடைத்து, வாசற்படியைத் தேய்த்து வெளுக்கவேண்டும். கணக்குத் தீர்க்கும்போதே அடுத்த ஆண்டு அதே வாரத்துக்கு அதே அறையைச் சொல்லிவைத்துவிட்டுப் போவார்கள். நான்காம் எண் அறைக்கு ஓல்டாம் நெசவாலைத் தம்பதியர் இருபத்திரண்டு ஆண்டு தொடர்ந்து வந்தார்கள். முதலில் இருவராக, பிறகு கைக்குழந்தையோடு, பிறகு வளர்ந்த மகளோடு. ஓராண்டு ஆள் வரவில்லை, கடிதம் வந்தது: ஆலை மூடிவிட்டார்கள், மன்னிக்கவேண்டும் என்று. அதற்குச் சில ஆண்டு கழித்து ஒரு பட அஞ்சலட்டை வந்தது. ஸ்பெயின் நாட்டு மயோர்க்கா தீவின் நீலக் கடல், அந்த மகளின் கையெழுத்து. அம்மையார் அதைச் சமையலறைச் சுவரில் குத்திவைத்திருந்தார். வருத்தமோ பொறாமையோ அவர் பேச்சில் இல்லை. “அங்கே வெயில் நிச்சயம், டாக்டர். இங்கே என்னால் வெயிலுக்கு உத்தரவாதம் கொடுக்க முடியுமா?” என்று கேட்டார்.

எண்பதுகளின் நடுவில் வீட்டை விற்றுவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனார். வாங்கியவர் உணவுக்கூடத்தை நடுவில் பலகை வைத்து இரண்டாக்கினார். பதினோரு அறை பதின்மூன்று ஆயிற்று. 2004 குளிர்காலத்தில், மூச்சுத்திணறல் என்று அழைப்பு வந்து, மாடியேறிப் போனபோதுதான் வீடு எனக்கு அடையாளம் தெரிந்தது. நான்காம் எண் அறை. உள்ளே இருபத்தாறு வயது இளைஞன், வேறு ஊரிலிருந்து வந்தவன். வேலை போய், மனைவி பிரிந்து, சிறுவயதில் ஒரு வாரம் மகிழ்ச்சியாக இருந்த ஊர் என்ற ஒரே நினைப்பில் பிளாக்பூலுக்கு ரயிலேறியவன். சன்னலுக்கு மேலே கறுப்பாகப் பூஞ்சை. கைகழுவும் தொட்டியிலேயே பாத்திரமும் கழுவி, அதன் விளிம்பில் ரொட்டியை வைத்திருந்தான். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தால், கதவின் பின்புறம் நான்கு திருகாணியில் இறுக்கிய பழைய அட்டை: காலை உணவு மணி 8.30-க்கு அடிக்கப்படும், விருந்தினர் தாமதிக்க வேண்டாம் என்று. அந்த அம்மையாரின் கையெழுத்து அது. அந்த வீட்டில் காலை உணவு என்று ஒன்று நடந்து இருபதாண்டு ஆகியிருந்தது.

விமானத்தைப் பற்றி இனி அதிகம் சொல்லத் தேவையில்லை, மயோர்க்காவிலிருந்து வந்த அந்த அஞ்சலட்டையே சொல்லிவிட்டது. ரயிலைப் பொறுத்தவரை, கோபுரத்தின் காலடிவரை கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கிய, 14 நடைமேடை கொண்ட சென்ட்ரல் நிலையத்தை 1964 நவம்பரில் மூடிவிட்டார்கள். 1975-ல் நெடுஞ்சாலை வந்தது. காலையில் காரில் வந்தவர்கள் மாலையில் திரும்பினார்கள். இன்றைக்கும் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வந்துபோகிறார்கள். பிளாக்பூலுக்குக் கூட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அந்தக் கூட்டம் இரவு தங்குவதில்லை. தங்காத கூட்டத்தால் விடுதிக்காரர் பிழைக்க முடியாது. பிழைக்க வழியில்லாத விடுதி, ஒற்றை அறைகளாகக் கூறுபோடப்பட்டு, போக்கிடம் இல்லாதவர்களின் கடைசிப் புகலிடமாகிறது.

2019-ல் அரசு வெளியிட்ட வறுமைக் குறியீட்டில், இங்கிலாந்தை 32,844 சிறு வட்டாரங்களாகப் பிரித்து வரிசைப்படுத்தியதில், மிகவும் நலிந்த முதல் பத்தில் எட்டு வட்டாரங்கள் பிளாக்பூலில் இருந்தன. அந்தப் பட்டியலில் முதலிடம் பெற்றதும் ஒரு கடற்கரை விடுமுறைக் குடியிருப்பே: எசெக்ஸிலுள்ள ஜேவிக். 2018 முதல் 2020 வரையான கணக்குப்படி, பிளாக்பூலில் பிறக்கும் ஆண்குழந்தையின் எதிர்பார்க்கும் ஆயுள் 74 ஆண்டு. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் 84-க்கு மேல். ஒரே நாடு, ஒரே மருத்துவச் சேவை; பத்தாண்டு வித்தியாசம். மருத்துவனாக என் வாழ்நாள் உழைப்பை அந்தப் பத்தாண்டுக்கு எதிரே வைத்துப் பார்க்கிறேன். நெஞ்சு பொறுக்கவில்லை. நான் எழுதிக்கொடுத்த மூச்சு மருந்து அந்தப் பூஞ்சையை என்ன செய்துவிடும்?

இனி வீட்டுக்கு வருகிறேன். தாய்மார்கள் தயவுசெய்து இதைக் கவனமாகக் கேட்கவேண்டும். வருமானம் இல்லாதவர்க்கு அரசு வாடகை உதவித்தொகை தருகிறது. அது தேவையான உதவி, அதைக் குறைக்கச் சொல்லி நான் இங்கே நிற்கவில்லை. அந்தத் தொகையின் அளவை, அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்த்துப் பரந்த ஒரு வட்டாரத்தின் வாடகைகளை வரிசைப்படுத்திக் கீழிருந்து 30 விழுக்காட்டுப் புள்ளியை ஒட்டி நிர்ணயித்திருக்கிறார்கள். பிளாக்பூல் இருக்கும் வட்டாரத்திலேயே வசதியானவர்கள் வாழும் லித்தம் செயின்ட் ஆன்ஸும் இருக்கிறது. ஆகவே, பிளாக்பூலின் நடுவே மட்டமான அறைக்குச் சந்தையில் கிடைக்கக்கூடிய வாடகையைவிட, அரசு தரும் தொகை கூடுதலாக அமைந்துவிடுகிறது. வீட்டைச் செப்பனிட்டாலும் அதே பணம், செப்பனிடாவிட்டாலும் அதே பணம் என்றால், வீட்டுக்காரர் எதற்காகப் பூஞ்சையைச் சுரண்டப் போகிறார்? பொதுமக்களின் வரிப்பணம் மாதந்தோறும் அந்த ஈரச் சுவருக்குக் கூலியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

நகரசபை சும்மா இருந்தது என்று சொல்வது அநியாயம்; நம்மிடையே வீற்றிருக்கும் உறுப்பினர் அவர்களுக்கு இது நன்கு தெரியும். 2010-ல் கோபுரத்தையும் குளிர்கால அரங்கையும் பிளாக்பூல் நகரசபையே வாங்கிக் காப்பாற்றியது. சில வட்டாரங்களில் வீட்டுக்காரர்க்கு உரிமம் கட்டாயமாக்கியது. சொந்தமாக ஒரு வீட்டு நிறுவனம் தொடங்கி, பழைய விடுதிகளை வாங்கி, முறையான குடியிருப்புகளாக்கி வாடகைக்கு விடுகிறது. நல்ல காரியம், ஆனால் பணம் தரும் கை லண்டனில் இருக்கிறது. 2019-ல் பிரபுக்கள் சபைக் குழு கடற்கரை நகரங்களைப் பற்றி அறிக்கை தந்தது. 2021-ல் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி தம் ஆண்டறிக்கை முழுவதையும் கடலோர மக்களின் உடல்நலத்துக்கே ஒதுக்கி, இதற்கென ஒரு தேசியத் திட்டம் வேண்டும் என்று எழுதினார். ஓர் அறிக்கை வந்தபின் அடுத்த அறிக்கை வரட்டும் என்கிறார்கள். பொருளாதாரம் சீராகட்டும், தேர்தல் முடியட்டும் என்கிறார்கள். அலை ஓய்ந்து தலை முழுகலாம் என்று கரையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் வேறு யார்? அந்த இளைஞனைப் போன்றவர்கள் எட்டடி அறையில் இருமிக்கொண்டு கிடக்கும்போது, எந்த அலை எப்போது ஓயப் போகிறது?

இதற்காகக் கையெழுத்துத் திரட்டும் எங்கள் குழு கேட்பது ஒன்றுதான். ஓர் அறைக்கு அரசுப் பணம் வாடகையாகப் போகவேண்டுமானால், அந்த அறையை நகரசபை அலுவலர் ஒருவர் முன்கூட்டியே நேரில் வந்து பார்த்து, ஈரம் இல்லை, சன்னல் திறக்கிறது, சமைக்க இடமிருக்கிறது, தீப்பிடித்தால் வெளியேற வழியிருக்கிறது என்று கையெழுத்திட்டிருக்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் வீட்டுக்காரருக்குப் பணம் இல்லை. குடியிருப்பவரை அதற்காக வெளியேற்றவும் கூடாது. உணவுக்கடைக்குச் சமையலறைச் சோதனை உண்டு; மனிதன் உறங்கும் அறைக்கு ஏன் கூடாது?

இது வெள்ளைக்காரர் ஊரின் பிரச்சினை என்று எண்ணாதீர்கள். இந்த நாட்டுக்கு வந்த முதல் ஆண்டுகளில் எத்தனை பேர் ஒரே அறையில் நால்வராகப் படுத்து, தொட்டியில் பாத்திரம் கழுவியிருக்கிறோம் என்பது இந்த அவையில் உள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். அகதியாய் வந்தவர்கள் பலர் இன்றும் அத்தகைய அறையில்தான் இருக்கிறார்கள்.

கோரிக்கை மனு வாயிலருகே மேசையில் இருக்கிறது. பெயர், முகவரி, அஞ்சல் குறியீடு மூன்றையும் தெளிவாக எழுதிக் கையெழுத்திடுங்கள். அஞ்சல் குறியீடு விடுபட்டால் அந்தக் கையெழுத்து கணக்கில் சேராது. முதல் கையெழுத்தைத் தலைவர் அவர்கள் இட்டுத் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மனுவின் பக்கத்தில் அந்த நான்காம் எண் அறையின் கதவிலிருந்த அட்டையையும் வைத்திருக்கிறேன். அறையைக் காலிசெய்த நாளில் அந்த இளைஞன் அதைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். திருகாணித் துளைகள் நான்கும் அப்படியே இருக்கின்றன. சாப்பிடப் போகுமுன் ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.