லவ் பேர்ட்ஸ் மூக்கில் வெள்ளை படிந்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

லவ் பேர்ட்ஸ் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி பார்க்கும் ஒரு காட்சி. பறவையின் வாயோரத்தில் சுண்ணாம்பு தெறித்தாற்போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கும். தின்ற தினையின் உமியாக இருக்கும் என்று விட்டுவிடுவார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அது அலகுக்கு மேலே இருக்கும் மூக்கு வரைக்கும் ஏறியிருக்கும். அதன்பின் கண்ணைச் சுற்றி, காலில், ஆசனவாயைச் சுற்றி என்று பரவும். கடைசியில் அலகே கோணிக்கொண்டு வளரும். பறவைகளுக்கு வரும் தோல் நோய்களில் வீட்டிலேயே கண்டுபிடிக்கக் கூடியது இது. சீக்கிரம் கவனித்தால் முழுமையாகக் குணமாகக் கூடியதும் இதுதான். அப்படியிருந்தும் தவறான மருந்தால் பறவைகள் சாகின்றன. அதனால்தான் இன்றைக்கு இதைப் பற்றியே அதிகம் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜெரிகர். சுருக்கமாக பட்ஜி என்பார்கள். இந்த நோய் அதிகம் தாக்குவதும் பட்ஜியைத்தான்.

சந்தேகம் வந்தால் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் அந்த வெள்ளைப் படிவைப் பாருங்கள். உமியாக இருந்தால் வழவழப்பாக இருக்கும், தொட்டால் உதிர்ந்துவிடும். நோயாக இருந்தால் ஒட்டியே இருக்கும். அதில் ஊசியால் குத்தியதுபோல நெருக்கமாகச் சின்னச் சின்ன துளைகள் தெரியும். காய்ந்த தேனடையைச் சுரண்டி வைத்தாற்போல இருக்கும். அந்தத் துளைகள்தான் அடையாளம். ஒவ்வொன்றும் ஒரு சிற்றுண்ணி குடைந்த வளை. நெமிடோகாப்டஸ் என்பது அதன் பெயர். அரை மில்லிமீட்டர் கூட இருக்காது, வெறும் கண்ணுக்குத் தெரியாது. தோலின் மேலடுக்கையும் அலகின் கொம்புப் பொருளையும் தின்றுகொண்டே உள்ளே போகும்.

“நான் வேறு பறவையே வாங்கிச் சேர்க்கவில்லையே, இது எங்கிருந்து வந்தது?” என்று கேட்பவர்கள் உண்டு. குஞ்சாக இருக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கும். தாய் அலகோடு அலகு வைத்து இரை ஊட்டும்போது ஒட்டிக்கொள்ளும் சிற்றுண்ணி, மாதக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் அடங்கியிருக்கும். பறவைக்கு உடல் தளர்ந்தால், சத்துக் குறைந்தால், இடம் மாறிய பயம் வந்தால், அப்போது பெருகும். மனிதர்களுக்கு இது தொற்றாது. குழந்தைகள் தொட்டுவிட்டார்களே என்று பயப்பட வேண்டியதில்லை.

மருத்துவர் அந்தப் படிவை லேசாகச் சுரண்டி, நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்வார். மருந்து ஐவர்மெக்டின். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

ஐவர்மெக்டின் மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடும் மருந்து. ஒரு சதவீத ஊசி மருந்தாக எளிதில் கிடைக்கும். “கழுத்துக்குப் பின்னால் ஒரு சொட்டு விடு, சரியாகிவிடும்” என்று யாராவது சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பட்ஜியின் எடை சுமார் 35 கிராம். பறவைகளுக்குப் பொதுவாகக் கொடுக்கும் அளவு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். அப்படியானால் இந்தப் பறவைக்கு வேண்டியது வெறும் 7 மைக்ரோகிராம். மாட்டு ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. ஒரு சொட்டு என்பது ஏறக்குறைய 0.05 மில்லி. அதில் 500 மைக்ரோகிராம். அதாவது வேண்டியதைப்போல எழுபது மடங்கு! அந்த ஒரு சொட்டை விட்டபின் பறவை தள்ளாடும், கூண்டின் தரையில் உட்கார்ந்துவிடும், இறந்தும் போகலாம். நோய் முற்றிச் செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். கொன்றது மருந்தின் அளவு.

மருத்துவர் பறவையை எடை போட்டு, மருந்தை நீர்க்கச் செய்து, இறகை விலக்கி வெறும் தோலில் வைப்பார் அல்லது வாய்வழி கொடுப்பார். பத்து முதல் பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று முறை கொடுக்க வேண்டியிருக்கும். இந்தச் சிற்றுண்ணியின் வாழ்க்கைச் சுற்று சுமார் மூன்று வாரம். முதல் முறையிலேயே படிவு உதிர்ந்து மூக்கு சுத்தமாகத் தெரிந்தாலும், ஆழத்தில் தப்பியவை நாலைந்து இருந்தால் போதும், திரும்பவும் பெருகிவிடும். பாதியில் நிறுத்தியவர்களின் பறவைக்குத்தான் இது மறுபடி மறுபடி வருகிறது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, குச்சியை ஒருமுறை துடைத்துவிட்டு, படிவின்மேல் மட்டும் மெல்லப் பூசலாம். படிவு இளகும், வளைக்குள் காற்றுப் போகாமல் சிற்றுண்ணிகளும் மூச்சடைக்கும். மூக்குத் துவாரத்துக்குள் போய்விடக் கூடாது. இறகில் படக் கூடாது. எண்ணெய் பட்ட இறகு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உடல் சூட்டைக் காக்காது. வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று உடம்பெல்லாம் தடவுவது இதனால்தான் ஆபத்து. படிவை நகத்தால் பிய்த்து எடுக்கவும் கூடாது. கோணிய அலகை நகவெட்டியால் வெட்டவே வேண்டாம். அலகுக்குள் இரத்தக் குழாய் இருக்கிறது.

பறவையைப் பிடிக்கும்போது ஒரு கைக்குட்டையால் போர்த்தி, தலையை இரு பக்கமும் விரலால் தாங்குங்கள். நெஞ்சை அழுத்தாதீர்கள். நமக்கு இருப்பதுபோல உதரவிதானம் பறவைக்கு இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் உங்கள் கைக்குள்ளேயே மூச்சு நின்றுவிடும்.

ஒரு பறவைக்கு வந்திருந்தாலும் அந்தக் கூண்டில் இருக்கும் எல்லாப் பறவைக்கும் மருந்து வேண்டும். மரக்குச்சிகளையும் முட்டையிட வைத்த பழைய மண்பானையையும் எறிந்துவிடுங்கள். கம்பிக் கூண்டைச் சுடுநீரில் சோப்புப் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, வெயிலில் காயவைத்தால் போதும்.

சரி, மூக்கில் எது தெரிந்தாலும் நோய்தானா? இல்லை. பெண் பட்ஜி முட்டையிடத் தயாராகும்போது மூக்கு பழுப்பாகி, தடித்து, சொரசொரப்பாகவே இருக்கும். அது இயல்பு. துளைகள் இருக்காது. ஆனால் வளர்ந்த ஆண் பறவையின் நீல மூக்கு பழுப்பாக மாறினால் அலட்சியம் வேண்டாம். விந்துச் சுரப்பியில் கட்டி வந்து ஹார்மோன் மாறியதன் அறிகுறியாக அது இருக்கலாம். காக்டெய்ல் என்ற கொண்டைக் கிளியைத் தொட்டால் கையில் வெள்ளை மாவு ஒட்டும். அதுவும் இயல்புதான், அதற்கென்றே உள்ள தூள் இறகுகள் உண்டு. மஞ்சளும் வெள்ளையுமான லுட்டினோ காக்டெய்லுக்குக் கொண்டைக்குப் பின்னால் வழுக்கை இருந்தால் அது பிறவியிலேயே வந்தது. அதற்குக் களிம்பு பூசிப் பூசிப் பறவையை வதைக்காதீர்கள். இறகு மாறும் காலத்தில் தலையில் முள்முள்ளாகத் தெரிவதும், பொடுகுபோல உதிர்வதும், புது இறகின் உறை கழன்று விழுவதுதான்.

உடம்பில் இறகே இல்லாமல் தோல் தெரிந்தால் முதலில் தலையைப் பாருங்கள். தலை இறகு முழுசாக இருந்து, நெஞ்சும் தொடையும் மட்டும் மொட்டையாக இருந்தால், பறவை தானே பிடுங்கிக்கொள்கிறது என்று பொருள். தன் தலையைத் தானே அலகால் எட்ட முடியாதே! தலையிலும் இல்லையென்றால் கூட இருக்கும் பறவை பிடுங்குகிறது, அல்லது நோய். இளம் குஞ்சுகளுக்கு வாலும் சிறகின் பெரிய இறகுகளும் கொட்டி, பறக்க முடியாமல் தரையில் ஓடினால் வைரஸாக இருக்கலாம். அந்தப் பறவையைத் தனியே வைத்து, பிசிஆர் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். தானே பிடுங்கும் பறவைக்குத் தனிமை, வேலையின்மை, தூக்கக் குறைவு, உள்ளுறுப்புக் கோளாறு என்று பல காரணம் இருக்கும். களிம்பில் தீராது.

இராத்திரியில் மட்டும் பறவை துடிக்கிறதா? கிராமத்தில் கோழிச்செல் என்போமே, அந்தச் சிவப்பு உண்ணியாக இருக்கலாம். பகலில் பறவைமேல் தேடினால் கிடைக்காது. பானை விளிம்பிலும் கூண்டின் இடுக்கிலும் ஒளிந்திருந்து, இருட்டியபின் வந்து இரத்தம் குடிக்கும். இரவு கூண்டின்மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்துங்கள். விடியற்காலையில் துணியின் மடிப்புகளைப் பாருங்கள். சிவப்பும் கறுப்புமாக மிளகாய்த் தூள் அளவுப் புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். பறவைக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை, எதிரி இருப்பது கூண்டில். பறவையை வேறு கூண்டுக்கு மாற்றிவிட்டு, இடுக்குகளில் கொதிநீர் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை என்று நாலைந்து வாரம் செய்ய வேண்டும். நம் ஊர் வெயிலில் முட்டையிலிருந்து பெரிதாக வளர அதற்கு ஒரு வாரம் போதும். அந்துருண்டை கட்டித் தொங்கவிடுவதும் மண்ணெண்ணெய் தடவுவதும் வேண்டாம். பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகளும் சேர்ந்திருப்பதால், அந்த நெடி அதற்கு மிக விரைவில் நஞ்சாகும்.

கால் அடியில் தோல் சிவந்து, வழவழப்பாகி, பிறகு புண்ணாவது இன்னொன்று. கடையில் வரும் ஒரே கனமுள்ள பிளாஸ்டிக் குச்சியில் நாள் முழுக்க நின்றால் ஒரே இடத்தில் பாரம் விழும். கொய்யா, வேம்பு, முருங்கைக் கிளைகளை ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை வெவ்வேறு கனத்தில் வெட்டி, கழுவிக் காயவைத்துக் கட்டுங்கள். உப்புத்தாள் சுற்றிய குச்சி வேண்டவே வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பொதுக் குறை இருக்கிறது, வெறும் தினை. தினையில் வைட்டமின் ஏ மிகவும் குறைவு. தோலும் வாயின் உட்புறமும் அதனால் வறண்டு தடிக்கும், கிருமி எளிதில் நுழையும். முருங்கைக் கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், மஞ்சள் பூசணி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தினமும் காலையில் கொடுங்கள். முதல் பத்து நாள் தொடாது. கொத்தாகக் கட்டி, கம்பியில் தொங்கவிட்டால் விளையாட்டாகக் கொத்தப் பழகும். மத்தியானத்துக்குள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். வைட்டமின் சொட்டு மருந்தை நாமாக ஊற்றினால் ஏ அதிகமாகியும் தோல் கெடும். அகலமான தட்டில் விரல் கனத்துக்குத் தண்ணீர் வைத்தால் அதுவே குளித்துக்கொள்ளும். காலையில் வையுங்கள், மாலைக்குள் காய்ந்துவிட வேண்டும்.

நமக்குப் போடும் களிம்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூசியதைப் பறவை அலகால் கோதித் தின்றுவிடும். கலமைனில் துத்தநாகம் இருக்கிறது, அது உள்ளே போனால் நஞ்சு. ஸ்டீராய்டு கலந்தவை தோல்வழி உறிஞ்சப்பட்டே பறவையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். மரத்துப்போகச் செய்யும் களிம்பும் ஆகாது. மஞ்சளைக் குழைத்துப் பூசினால் புண்ணின் உண்மை நிறம் மருத்துவருக்குத் தெரியாமல் போய்விடும்.

சென்னையில் வேப்பேரியிலும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போகும்போது கூண்டைக் கழுவாமல் அப்படியே கொண்டுபோங்கள். எச்சம் விழுந்த தாளும் தீவனமும் மருத்துவருக்குப் பல விஷயங்களைச் சொல்லும். கிளம்புமுன் ஒரு சின்ன டப்பாவில் பறவையை விட்டு, சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை அதே நேரத்தில் பாருங்கள். 35 கிராம் பறவையில் மூன்றரை கிராம் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். அப்போது நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளாமல் அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வணக்கம்.