மறுக்கப்பட்ட கருதுகோளும் கலைக்களஞ்சியமும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வேற்றுலக நாகரிகங்களைப் பற்றிய கருதுகோள் ஒன்றுக்குத் தமிழ் விக்கிப்பீடியா போன்ற கலைக்களஞ்சியத்தில் தனிக் கட்டுரை தரலாமா என்ற கேள்வி எழுந்ததும், அக்கருதுகோள் மெய்யா பொய்யா என்று நம்மில் பலர் வழக்காடத் தொடங்கிவிடுகிறோம். மெய்ப்பிக்கப்பட்டவற்றுக்கு மட்டுமே இடம் என்று விதித்தால் இத்துறையில் எதுவும் எஞ்சாது. பூமிக்கு அப்பால் ஒரு நுண்ணுயிர்கூட இதுவரை உறுதி செய்யப்படவில்லை. அக்கருதுகோளை முன்வைத்தவர் அல்லாத பிறர், அதை எடுத்து ஆழமாக விவாதித்திருக்கிறார்களா என்பதே நான் கேட்கும் கேள்வி.

பொதுப்படப் பேசாமல் ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன். ஆண்டர்ஸ் சாண்ட்பெர்க், ஸ்டூவர்ட் ஆம்ஸ்ட்ராங், மிலன் சிர்கோவிச் ஆகிய ஆய்வாளர் மூவரும் 2017இல் ‘கோடை உறக்கக் கருதுகோள்’ என ஒன்றை வெளியிட்டார்கள். ஒரு பிட் தகவலை அழிப்பதற்குத் தேவைப்படும் குறைந்தபட்ச ஆற்றல் சூழலின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது இயற்பியலாளர் ரோல்ஃப் லாண்டவர் 1961இல் வகுத்த கோட்பாடு. அண்டமெங்கும் பரவியிருக்கும் அண்டப் பின்னணிக் கதிர்வீச்சின் வெப்பநிலை இன்று ஏறத்தாழ 2.7 கெல்வின், அண்டம் விரிய விரிய அது மேலும் தணியும். ஆகவே, கணிப்பையே, அதாவது கணினிகள் செய்யும் கணக்கீட்டையே, வாழ்வாகக் கொண்டுவிட்ட ஒரு முதிர்ந்த நாகரிகம், தன்னிடமுள்ள ஆற்றலை இன்றே செலவழிக்காமல் அண்டம் குளிரும்வரை காத்திருந்தால், அதே ஆற்றலைக் கொண்டு 10இன் 30ஆம் அடுக்கு மடங்குவரை கூடுதலாகக் கணிக்க முடியும் என்று அம்மூவரும் வாதிட்டார்கள். வெயில் தணியும்வரை ஓட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் நத்தையைப் போல அந்நாகரிகங்கள் உறங்குவதால்தான் அவற்றின் தடயம் எதுவும் தென்படாமல் வானம் அமைதியாக இருக்கிறதாம். அழகிய எண்ணம், ஆனால் அழகைக் கண்டு நாம் பக்கம் ஒதுக்குவதில்லை.

2019இல் சார்லஸ் பென்னெட், ராபின் ஹான்சன், ஜெஸ் ரீடல் ஆகியோர் இதற்கு மறுப்பு எழுதினார்கள். பென்னெட், ஐபிஎம் நிறுவனத்தில் லாண்டவரோடு பணியாற்றியவர். கணிப்புக்கும் வெப்ப இயக்கவியலுக்கும் உள்ள உறவை அவரைவிட நன்கு அறிந்தவர் அரியர். கணிப்பில் தகவலை அழிக்கும்போது சேரும் கழிவான ஒழுங்கின்மையை (என்ட்ரோபி) அண்டம் குளிர்வதற்காகக் காத்திராமலே அதை ஏற்க இடமுள்ள வேறு தேக்கங்களுக்கு மாற்றிவிடலாம் என்றும், எனவே உறங்கிக் காத்திருப்பதால் சொல்லப்பட்ட ஆதாயம் கிட்டாது என்றும் அவர்கள் காட்டினார்கள்.

இங்கேதான் சிலர் எழுந்து, ‘வீழ்த்தப்பட்ட கருத்துக்குத் தனிக் கட்டுரை எதற்கு?’ என்கிறார்கள். தனிக் கட்டுரை வேண்டும் என்பதற்கு அந்த மறுப்பையே முதன்மைச் சான்றாகக் கொள்கிறேன். ஒரு துறையின் முன்னணி அறிஞர்கள் நேரம் செலவிட்டு, இன்ன இடத்தில் பிழை என்று சுட்டி எழுதும்போது, அக்கருத்து அதை ஈன்றவர்களின் கையைவிட்டுப் பொதுவெளிக்கு வந்துவிடுகிறது. ஆதரவாளர்களின் பாராட்டைவிட எதிர்ப்பாளரின் கவனமான மறுப்புக்கு நான் கூடுதல் எடை தருவேன்.

இயற்பியலாளர் என்ரிகோ பெர்மியின் கேள்வியையே பாருங்கள். 1950இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பகலுணவின்போது, வேற்றுலகத்தவரைக் குறித்து ‘எங்கே அவர்கள் எல்லாரும்?’ என்ற பொருள்பட அவர் கேட்டார். அதைப் பற்றி அவர் எதுவும் எழுதி வெளியிடவில்லை. உடனிருந்த எட்வர்ட் டெல்லர் முதலியோரின் நினைவுகளும், மைக்கேல் ஹார்ட் 1975இல் எழுதியதைப் போன்ற கட்டுரைகளுமே வேற்றுலக நாகரிகங்கள் இருக்கக்கூடும் என்றால் அவற்றை நாம் ஏன் காணவில்லை என்று கேட்கும் ‘பெர்மி முரண்பாடு’ என்ற தலைப்புக்கு உடல் கொடுத்தன.

மறுத்தவர்களின் சார்பின்மை பற்றி ஓர் ஐயம் எழலாம், அது நியாயமான ஐயமே. இத்துறை மிகச் சிறிய வட்டம். சாண்ட்பெர்க்கும் ஆம்ஸ்ட்ராங்கும் பணிபுரிந்த ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு நிறுவனத்தோடு ஹான்சனுக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் ஒருவரையொருவர் அறியாதிருப்பதைச் சார்பின்மைக்கு அளவாகக் கொண்டால் எந்தச் சிறு துறையும் தேறாது. அக்கருதுகோள் நிலைபெறுவதால் மறுத்தவருக்கு ஆதாயம் உண்டா என்று பார்த்தால் போதும், இங்கே இல்லை.

மறுபுறம், ஒரே ஆசிரியர் தம் கருத்தைப் பத்து இடங்களில் எழுதியிருந்தாலும் அது ஒருவரின் குரல்தான். அத்தகையதை நீக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெர்மி முரண்பாட்டுக் கட்டுரையில் ஒரு பத்தியும் அதற்கு ஒரு வழிமாற்றும் (தேடுபவரை அக்கட்டுரைக்கு அழைத்துச் செல்லும் இணைப்பு) தந்தால் தேடி வருபவருக்கு வழி கிடைத்துவிடும். பின்னர் பிறர் எழுதத் தொடங்கினால் அப்பத்தியே தனிக் கட்டுரையாக விரியலாம். வேற்றுலகத்தவர் நம்மைத் தொடர்புகொள்ளாமல் விலகி நின்று பார்க்கிறார்கள் என்று 1973இல் ஜான் பால் முன்வைத்த விலங்குக்காட்சிசாலைக் கருதுகோள் இன்று அந்தத் தயக்கத்துக்கு இடமின்றித் தனித்து நிற்கிறது. அரை நூற்றாண்டாக அதைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள்.

கோடை உறக்கத்துக்கு அவ்வளவு செழிப்பான வரலாறு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் தமிழ் விக்கிப்பீடியாவில் அதற்குத் தனிக் கட்டுரை எழுதலாம் என்றே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: 2019ஆம் ஆண்டின் மறுப்பு, கட்டுரையின் இறுதியில் ‘விமர்சனங்கள்’ என்ற துணைத்தலைப்பின் கீழ் ஒரு வரியாக ஒதுங்கிவிடாமல், முகவுரையிலேயே இடம்பெற்று, கருதுகோளுக்கு இணையான இடத்தைப் பெற வேண்டும்.