பிள்ளையின் குரூப்பை பஸ் முடிவு செய்யலாமா?

(மீன்பிடித் தடைக்காலத்தில், மண்டபத்துக்கு வடக்கே உள்ள ஒரு கடலோர ஊரின் நடுநிலைப் பள்ளியில் 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் பேசியதன் எழுத்து வடிவம்.)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்த் தலைவர் அவர்களே, இடமும் நிழலும் கொடுத்த தலைமையாசிரியை அவர்களே, தொழுகை முடித்து நேராக இங்கே வந்திருக்கும் ஜமாத் தலைவர் அவர்களே, பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, விசைப்படகுச் சங்கத் தலைவர் அவர்களே, நாட்டுப்படகுச் சங்கச் செயலாளர் அவர்களே! உங்கள் இரண்டு சங்கத்துக்கும் கடலில் ஆயிரம் வழக்கு இருக்கும். பிள்ளைகள் படிப்பு என்றதும் ஒரே பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்காகவே உங்கள் இருவருக்கும் தனியாக ஒரு வணக்கம். கருவாட்டுக் களத்தை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களுக்கும், தரையில் அமர்ந்திருக்கும் என் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

எனக்குப் பொன்னாடை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அந்தக் காசில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டதாகச் சங்கத்தார் சொன்னார்கள். இதைவிட எனக்கு என்ன மரியாதை வேண்டும்?

நான் அறிவியல் வாத்தியாராக முப்பத்து நான்கு வருஷம் இந்தக் கரையிலேயே இருந்தவன். வகுப்பில் நான் அடிக்கடி சொன்ன பழமொழி, இங்கே அப்பாக்களாக உட்கார்ந்திருக்கிற என் பழைய மாணவர்களுக்கு மறந்திருக்காது. ஆழம் அறியாமல் காலை விடாதே. புது இடத்தில் வலை விடும் முன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, எத்தனை பாகம் ஆழம் என்று பார்ப்பீர்கள். அடியில் சேறா, மணலா, பாறை நிறைந்த பாரா என்று பார்ப்பீர்கள். பார் என்றால் வலை கிழிந்துவிடும் என்று தள்ளிப் போவீர்கள். ஒரு நாள் வலைக்கு இவ்வளவு யோசிக்கிறோம். பிள்ளையைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கிற அன்றைக்கு மட்டும், "எந்தக் குரூப்பில் இடம் இருக்கு சார்?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம்.

இன்றைக்கு நான்கு விஷயம் பேசலாம் என்று வந்தேன். எட்டாம் வகுப்பிலேயே இதை ஏன் யோசிக்க வேண்டும் என்பது ஒன்று. எந்தக் குரூப் எந்தக் கதவைத் திறக்கும் என்பது இரண்டு. காசுக்கு என்ன வழி என்பது மூன்று. மார்க் குறைந்த பிள்ளையிடம் வீட்டில் எப்படிப் பேசுவது என்பது நான்காவது.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருவது, பதினொன்றில் சேர்ப்பது எல்லாம் இதற்குள்தான் நடக்கிறது. விசைப்படகில் போகிற அப்பாக்கள் வருஷத்திலேயே அதிக நாள் வீட்டில் இருப்பதும், கையில் காசே இல்லாமல் இருப்பதும் இதே நாட்களில்தான். பெரிய முடிவை இப்படிப்பட்ட நேரத்தில் அவசரமாக எடுத்தால் பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதைத்தான் எடுப்போம். அதனால்தான் எட்டாம் வகுப்புத் தடைக்காலத்திலேயே பேச ஆரம்பியுங்கள் என்கிறேன். ரிசல்ட்டுக்கு இன்னும் இரண்டு தடைக்காலம் இருக்கிறது. ஈயக்குண்டை இறக்கிப் பார்க்க அது போதும்.

இப்போது குரூப். தொழிற்கல்விப் பிரிவுக்கென்று இருக்கிற சில இடங்களைத் தவிர, கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் இருந்தால்தான் இன்ஜினியரிங் கலந்தாய்வுக்குப் போக முடியும். கப்பல் அதிகாரி ஆகிற படிப்புக்கும் இதே மூன்றுதான் வேண்டும். அதோடு ஆங்கிலத்தில் பாதி மார்க்காவது வாங்கியிருக்க வேண்டும், கண்ணும் சரியாக இருக்க வேண்டும். கடலோரக் காவல் படையில் பொதுப் பணி நாவிக், அதாவது மாலுமி, ஆவதற்குப் பன்னிரண்டில் கணக்கும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். நர்சிங் பட்டப்படிப்பு, மருத்துவம், தூத்துக்குடியில் 1977-லிருந்து இருக்கிற மீன்வளக் கல்லூரிப் படிப்பு, இவற்றுக்கெல்லாம் உயிரியல் தேவை. கணக்கும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப் எடுத்தால் இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும். ஆனால் பாரம் அதிகம். கணக்கு சுத்தமாக வராத பிள்ளையை அதில் தள்ளாதீர்கள். வணிகவியல் மட்டமான குரூப் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சங்கக் கணக்கை ஒழுங்காக எழுத ஆள் கிடைக்காமல் நம்ம சங்கங்கள் படுகிற பாடு உங்களுக்கே தெரியும்.

பள்ளிப் படிப்பு பிடிக்காத பிள்ளைக்கும் வழி இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடித்தாலே ஐடிஐ-யில் வெல்டர், வயர்மேன் பிரிவில் சேரலாம். பத்து முடித்தால் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படிக்கலாம். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் டிப்ளமோ முடித்துவிட்டு, இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேரவும் முடியும். போட் இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடுகிற பையன் இந்த ஊரில் தெருவுக்கு ஒருத்தன் இருக்கிறான். அவன் கையில் ஒரு சான்றிதழ் இருந்தால் அவன் சம்பளமே வேறு.

இதெல்லாம் எங்கேயோ வெளியூர்ச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். கடல் விரால் மீனை இந்தியாவிலேயே முதல் முறையாக 2010-ல் பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்க வைத்தது நம்ம மண்டபத்தில் இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்தான். உச்சிப்புளியில் கடற்படை விமான தளம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அதைக் காக்கவும் ஆராயவும் ஆள் வேண்டும். அந்த வேலைக்கெல்லாம் வெளியூர்ப் பிள்ளைகள் வந்து, நம்ம அப்பாக்களிடம் மீன் பெயர் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். நம்ம பிள்ளைக்கு எழுதாமலே தெரியுமே! பிறந்ததிலிருந்து தெரிகிற ஒன்றைப் பட்டமாக மாற்றத் தெரியாமல் இருக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

அப்புறம் காசு. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறினால், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். இன்னொன்று, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவப் படிப்பில் 2020-லிருந்தும், இன்ஜினியரிங், வேளாண்மை, மீன்வளம், சட்டம் போன்றவற்றில் 2021-லிருந்தும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் தனி இடம் இருக்கிறது. ஆனால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இங்கிலீஷ் நன்றாக வரும் என்று ஏழாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறவர்கள், அந்த இடத்தையும் சேர்த்துக் கைவிடுகிறார்கள். மாற்றுவதும் மாற்றாததும் உங்கள் விருப்பம். தெரிந்து மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆழம் அறியாமல் காலை விடாதே!

இந்த இடத்தில் ஒரு பையன் கதையைச் சொல்லியாக வேண்டும். ஊரும் பேரும் வேண்டாம். வத்தை என்கிற சின்ன நாட்டுப்படகில் தொழில் செய்கிற அப்பாவுக்குப் பிள்ளை. ஏழாம் வகுப்பில் ஒரு நாள் பாம்பன் போயிருக்கிறான். பழைய பாலத்தைத் தூக்கிக் கப்பல் விட்டதைப் பார்த்துவிட்டு வந்தான். மறுநாள் வகுப்புக்குள் நுழையும்போதே, "சார், பாலத்தையே தூக்க வைக்கிறான் சார் கப்பல்காரன். நான் அதுலதான் சார் போவேன்" என்றான். அன்றிலிருந்து நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்கக் கப்பல்தான். நான் திட்டுவேன். திட்டினால் அடுத்த நாள் கப்பலுக்கு என் பெயரை வைத்து வரைந்துகொண்டு வருவான்.

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினான். பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் அப்போது கணக்குக் குரூப் கிடையாது. அது இருக்கிற பள்ளி 22 கிலோமீட்டர். அவன் அப்பா, "ப்ளஸ் டூ எல்லாம் ப்ளஸ் டூதானே" என்று வணிகவியலில் சேர்த்துவிட்டு வந்தார். அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எட்டாம் வகுப்போடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு மத்தியானம் என் வீட்டுக்கு வந்தான். கையில் மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு பேப்பர். கப்பல் படிப்புக்கான விளம்பரம். "சார், இதுக்கு எப்படி சார் அப்ளிகேஷன் போடுறது?" என்றான். வாங்கிப் படித்தேன். கணக்கு, இயற்பியல், வேதியியல் என்று போட்டிருந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனே புரிந்துகொண்டான். என் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தான். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். எத்தனை வருஷம் ஆகியும் அந்த டம்ளர் சத்தம் என் காதில் இருக்கிறது.

அவன் சும்மா இருக்கவில்லை. பத்தாம் வகுப்புத் தகுதியை வைத்தே சேருகிற ஜி.பி. ரேட்டிங் என்கிற மாலுமிப் பயிற்சிக்குப் போனான், கப்பலில் மாலுமி ஆனான். கௌரவமான வேலை. ஒரு நாள் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் வந்தது. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சார், தங்கச்சி எட்டாவது படிக்குது. எந்தக் குரூப்புன்னு இப்பவே நீங்க அப்பாகிட்ட உட்கார்ந்து பேசுங்க சார். நான் காசு அனுப்புறேன்" என்றான். அன்று சாயங்காலமே போய் உட்கார்ந்தேன். தாமதமாக இறக்கிய ஈயக்குண்டு அண்ணனுக்கு உதவவில்லை, தங்கைக்கு உதவியது. அந்தப் பெண் அதே 22 கிலோமீட்டர் போய் உயிரியல் குரூப் படித்தாள்.

ஆனால் எப்படிப் படித்தாள் என்று கேளுங்கள். ஸ்பெஷல் கிளாஸ் ஐந்தரைக்கு முடியும். ஊருக்கு வருகிற பஸ் ஐந்தே காலுக்குப் போய்விடும். அடுத்தது ஏழே முக்கால். மெயின் ரோட்டில் இறங்கினால் ஊருக்கு இரண்டு கிலோமீட்டர், வழியெல்லாம் கருவேலங்காடு. வாடைக் காலத்தில் மழையும் இருட்டும் வேறு. அவள் அம்மா இரண்டு வருஷம், ஒரு நாள் தவறாமல், டார்ச் லைட்டோடு அந்த ரோட்டில் நின்றார். அந்தப் பெண் இன்று நர்ஸ். அந்த டார்ச் லைட்டை இன்னும் வீட்டில் வைத்திருக்கிறார்கள், நான் பார்த்தேன்.

எல்லா அம்மாவாலும் நிற்க முடியுமா? அதே வருஷம் அவளோடு சேர்ந்த மூன்று பெண்களும் தீபாவளிக்குள் நின்றுவிட்டார்கள். ஒருத்தி பக்கத்துப் பள்ளியில் இருந்த குரூப்புக்கு மாறினாள், இரண்டு பேர் படிப்பையே விட்டார்கள். மூன்று பேரும் நன்றாகப் படிக்கிறவர்கள். நான் குரூப், கல்லூரி, கலந்தாய்வு என்று எவ்வளவு பேசினாலும், நம்ம கரையில் பெண்பிள்ளையின் குரூப்பை முடிவு செய்வது அந்த ஐந்தே கால் பஸ்தான்.

கலாம் ஐயா பெயரைச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் எந்த மேடையும் முடியாது. அவரும் ராமேஸ்வரத்தில் வீட்டை விட்டு, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளிக்கு வந்து, அங்கேயே தங்கித்தான் படித்தார். அந்தக் காலத்தில் ஆண்பிள்ளை, தங்க விட்டார்கள். பதினைந்து வயதுப் பெண்ணை எத்தனை பேர் தங்க விடுவீர்கள்? நான் கேட்பது ஹாஸ்டல்கூட இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு, ஊருக்குள் வந்து திரும்புகிற ஒரு பஸ். பள்ளி நாட்களில் மட்டும் வந்தால்கூடப் போதும். ஆறு ஊருக்கு அது ஒன்றே பயன்படும்.

மூன்று தடவை மனு கொடுத்தோம். "கூட்டம் இருக்காது" என்று பதில் வந்தது. பஸ் இல்லாததால் பிள்ளைகள் போகவில்லை, பிள்ளைகள் போகாததால் பஸ் இல்லை. இதை யாராவது ஒரு பக்கம் அறுத்தாக வேண்டும். அதனால் இந்தத் தடவை வெறும் கோரிக்கையாகப் போகாமல் கணக்கோடு போகலாம் என்றிருக்கிறோம். எந்த ஊரில் எத்தனை பிள்ளை எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது படிக்கிறது, எந்தக் குரூப் படிக்க ஆசை, எந்தப் பள்ளியில் அது இருக்கிறது என்று வீடு வீடாக எழுதப் போகிறோம். தடைக்காலம் இருக்கிறது, அப்பாக்கள் ஊரில் இருக்கிறீர்கள். இரண்டு சங்கமும் ஊருக்கு நாலு பேர் தருவதாக இப்போதுதான் மேடையிலேயே ஒத்துக்கொண்டார்கள். ஜமாத்தும் பங்கும் தங்கள் பக்கத்துத் தெருக்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு நான்காவது விஷயத்துக்கு நேரம் போதவில்லை. அதை வீட்டுக்கு வரும்போது திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறேன்.

வாசலில் வேப்ப மரத்தடி மேசையில் மனு இருக்கிறது. வருகிற திங்கட்கிழமையே ஆட்சியர் குறைதீர் கூட்டத்துக்குக் கொண்டுபோகிறோம். போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். உங்கள் பெயருக்கு எதிரே பிள்ளை பெயர், வகுப்பு, என்ன குரூப் படிக்க ஆசை என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறது. மூன்றாவது கட்டத்தை நீங்கள் எழுதாதீர்கள். பேனாவைப் பிள்ளையிடம் கொடுங்கள்.