வாக்குச்சாவடியாகும் வகுப்பறை: மக்களாட்சியும் அரசுப் பள்ளியும்

[காட்சி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் வாசல். வாக்காளர் வரிசை.]

தேர்தல் நாளன்று நம் ஊர்களில் பெரும்பாலும் அரசுப் பள்ளியின் வகுப்பறைதான் வாக்குச்சாவடியாகிறது. முந்தைய நாள் எழுதிய வாய்ப்பாடு கரும்பலகையில் அழியாமல் இருக்க, அதன் அருகே அமர்ந்து வாக்காளரின் விரலில் மை வைப்பவரும் பல இடங்களில் வேறோர் ஊர்ப் பள்ளியின் ஆசிரியராகவே இருப்பார். மாலையில் இயந்திரங்கள் முத்திரையிடப்பட்டு வெளியேறியபின், அந்த அறை மீண்டும் குழந்தைகளுடையதாகிறது. வாக்களிக்க வரப்போகும் குடிமக்களை அந்த அறை மற்ற நாள்களில் எவ்வாறு உருவாக்குகிறது என்பதைத் தமிழ்நாட்டின் அனுபவத்தை வைத்துப் பார்ப்போம்.

[காட்சி: சின்னங்கள் ஒட்டப்பட்ட பழைய வாக்குப் பெட்டிகள்.]

முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில் முடிந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அப்போது நாட்டில் எழுத்தறிவு பெற்றிருந்தோர் 18 விழுக்காட்டைச் சற்றே கடந்தவர்கள்தாம். சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்கே வாக்கு என்றிருந்த பிரிட்டிஷ் ஆட்சிக்கால வழக்கத்தை முற்றாகக் கைவிட்டு, 21 வயது நிரம்பிய அனைவருக்கும் அரசமைப்புச் சட்டம் வாக்குரிமை வழங்கியது. பெயரை வாசிக்கத் தெரியாதவர் சின்னத்தைப் பார்த்து வாக்களித்தார். பள்ளியைப் பொறுத்தவரை அதே சட்டம் அவ்வளவு உறுதி காட்டவில்லை. பத்து ஆண்டுகளுக்குள் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்றுதான் 45ஆவது பிரிவு கூறியது. அந்த முயற்சி அடிப்படை உரிமையாக மாற 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தமும், அது நடைமுறைக்கு வர 2010 ஏப்ரல் 1ஆம் நாளும் ஆயின. முதலில் வாக்கு, பிறகு பள்ளி என்ற இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. படிக்காதவரின் வாக்குக்கு மதிப்புக் குறைவு என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். குடியரசு தொடங்கிய நாளிலேயே தள்ளுபடி செய்யப்பட்ட வாதம் அது.

[காட்சி: பாடநூலின் முன்பக்கம்.]

குடிமை உணர்வு என்றவுடன் சமூக அறிவியல் பாடம் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்த பலருக்கு அதற்கும் முன்பாக, 'தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்' என்று பாடநூலின் தொடக்கத்தில் அச்சிடப்பட்டிருந்த வரிகள் நினைவிருக்கும். அந்த வரிகளுக்கு உண்மையான தேர்வு மதிய உணவு வரிசையில் நடந்தது. காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். அதனை விரிவாக்கிய சத்துணவுத் திட்டமும் பசியைப் போக்குவதற்காக வந்தவை. ஆயினும், ஊருக்குள் ஒரே திண்ணையில் அமர முடியாத குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே அடுப்பில் வெந்த சோற்றை உண்ட செயல், எந்தப் பாடமும் கற்பிக்க முடியாத சமத்துவத்தைக் கற்பித்தது.

அந்தப் படிப்பு முழுமையடைந்துவிட்டது என்று சொல்ல மனம் வரவில்லை. 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவர் உடன் பயின்ற மாணவர்களாலேயே வெட்டப்பட்டார். அதன்பின் அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கட்டுவதைத் தடை செய்வதும், பள்ளிப் பெயர்களிலுள்ள சாதிப் பெயர்களை நீக்குவதும் அதன் பரிந்துரைகளுள் அடங்கும். மணிக்கட்டில் சாதியைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழையும் சிறுவன் அந்தக் கயிற்றை வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும்தான் கொண்டுவருகிறான் என்பது உண்மை. எனினும், அவனை வேறு சாதிப் பிள்ளையோடு நாள்தோறும் ஒரே இருக்கையில் அமர்த்தும் வாய்ப்புப் பொதுப்பள்ளியைப் போல வேறு எந்த இடத்திற்கும் இல்லை.

கேள்வி கேட்பதும் அங்கேதான் பழக வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்புக்கு அஞ்சி வாய் மூடியிருந்து பழகிய பிள்ளை, வளர்ந்தபின் அலுவலக மேசைக்கு முன்னாலும் அப்படியே நிற்கும் என்பதால், இதனைக் குடிமைப் பயிற்சிக்கான பிரிவாகவும் நான் வாசிக்கிறேன்.

[காட்சி: பள்ளி வளாகத்தில் பெற்றோர் கூட்டம்.]

இதே சட்டத்தின் 21ஆவது பிரிவு பெற்றோரையும் இந்தப் பயிற்சிக்குள் அழைத்து வருகிறது. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளை இந்தப் பிரிவு கட்டுப்படுத்தாது. தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் 20 உறுப்பினர்களோடு புதிதாக அமைக்கப்பட்டபோது, தலைமைப் பொறுப்பு பெற்றோருள் பெண் ஒருவருக்கே என்று வகுக்கப்பட்டது. பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும், அரசு தரும் நிதியின் செலவைக் கண்காணிப்பதும் குழுவின் பணிகள்.

தன் பிள்ளையின் பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று நூறு நாள் வேலைக்குச் செல்லும் தாய் ஒருவர் தலைமையாசிரியரிடம் கேட்பதும், அந்தக் கேள்வி தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறுவதும் நம் சமூகத்தில் சிறிய நிகழ்வுகள் ஆகா. வேலை நாளில் கூட்டம் வைத்தால் ஒரு நாள் கூலி போகும்; கூட்டமே நடக்காமல் பதிவேடு வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கப்படும் வழக்கமும் சில இடங்களில் தொடரக்கூடும். ஆகவே, உங்கள் ஊர்க் குழு அடுத்த முறை கூடும்போது நேரில் செல்லுங்கள். சென்ற கூட்டத்தின் தீர்மானங்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அவற்றில் எது நிறைவேறியது என்று பதிவேட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.